ஃப்ரீஹோல்ட் வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணமா? இங்கிலாந்தில் புது வீடு வாங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், குரோய்டன் பக்கம் பிளாட்டில் இருந்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்ததும் லண்டனுக்கு வெளியே தள்ளிப் புது வீடு பார்க்கும் நம்மவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "ஃப்ரீஹோல்டாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு யாருக்கும் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டாம்." ஃப்ரீஹோல்ட் என்றால் வீடும் நிலமும் முழுச் சொந்தம்; ஆகவே முதல் வாக்கியம் நல்ல அறிவுரை. இரண்டாவது ஒரு காலத்தில் பெரும்பாலும் உண்மையாக இருந்தது. இன்று புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் அது பெரும்பாலும் தவறு.

பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் வீடு கட்டும் துறையை ஆராய்ந்து 2024 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. மிகப் பெரிய 11 கட்டுமான நிறுவனங்கள் 2021-22இல் விற்ற புது வீடுகளில் 80 விழுக்காட்டுக்கு எஸ்டேட் (குடியிருப்பு வளாகம்) பராமரிப்புக் கட்டணம் உண்டு என்றது அந்த அறிக்கை. சராசரித் தொகை ஆண்டுக்கு 350 பவுண்டு. பெரிய பழுது ஒன்று வந்துவிட்டால் ஒரே தவணையில் வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கப்படலாம் என்றும் எச்சரித்தது.

இவ்வளவு பரவலான ஒன்றைப் பற்றிப் பலருக்கும் குடியேறிய பிறகுதான் தெரியவருகிறது. தெரிந்தவர்களிலும் சிலர் இதை மோசடி என்கிறார்கள். சிலர் "350 பவுண்டுதானே" என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்தான எண்ணங்கள். கட்டணம் சட்டப்படியானது. ஆனால் கவலைப்பட வேண்டியது தொகையை மட்டும் பார்த்தல்ல. அந்தத் தொகையை யார் தீர்மானிக்கிறார்கள், கட்டாவிட்டால் என்ன செய்ய முடியும் என்பதைப் பார்த்து.

இங்கே எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை ஒட்டியது. ஸ்காட்லாந்தின் நிலச் சட்டம் வேறு.

ஃப்ரீஹோல்ட் சொல்வதும் சொல்லாததும்

ஃப்ரீஹோல்ட் என்றால் கட்டடமும் அது நிற்கும் நிலமும் காலவரையறை இல்லாமல் உங்களுடையவை. லீஸ்ஹோல்ட் என்றால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அங்கே வாழும் உரிமையை வாங்குகிறீர்கள், நிலம் வேறொருவருடையது. பிளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட். அங்கே படிக்கட்டு, கூரை, லிஃப்ட் ஆகியவற்றின் செலவைப் பங்கிட்டுக் கட்டுவதுதான் பராமரிப்புக் கட்டணம். பிளாட்டில் இருந்து வருபவர்கள் ஃப்ரீஹோல்டை நாடுவதே அந்தக் கட்டணத்திலிருந்து தப்பத்தான்.

ஆனால் ஃப்ரீஹோல்ட் என்ற சொல் பேசுவது உங்கள் வேலிக்கு உள்ளே இருப்பதைப் பற்றி மட்டுமே. வேலிக்கு வெளியே இருக்கும் தெரு, தெருவிளக்கு, மழைநீர் ஓடும் குழாய், குழந்தைகள் விளையாடும் பூங்கா இவையெல்லாம் யாருடையவை, யார் செலவில் நிற்கின்றன என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பழைய தெருக்களில் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுந்ததில்லை. பெரும்பாலானவை கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) பொறுப்பாக இருந்தன. அதனால் வெளியே இருப்பதற்கும் ஃப்ரீஹோல்டே உத்தரவாதம் என்று மக்கள் நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

பங்குக் கிணறு

நம் ஊர்ப்பக்கத்துப் பங்குக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு நான்கு வயல். ஒவ்வொருவர் பெயரிலும் தனிப் பத்திரம், தனி எல்லைக்கல். கிணறு மட்டும் பொது. மோட்டார் பழுதானால், தூர் வார வேண்டி வந்தால், செலவை நாலாகப் பிரிப்பார்கள். வயல் முழுச் சொந்தம் என்பதும் கிணற்றுச் செலவில் கால் பங்கு உண்டு என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

ஒருவர் தன் வயலை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்கிறார். அடுத்த கோடையில் மோட்டார் எரிந்துபோகிறது. வந்தவர் சொல்கிறார்: "நான் வாங்கியது வயலை. மோட்டார் செலவுக்கு ஒப்புக்கொண்டது பழைய ஆள். அவரிடம் கேளுங்கள்." மற்ற மூவரும் என்ன செய்ய முடியும்?

அவர்களுக்கு மூன்று வழிகள் தோன்றும். விற்பனை நடக்கும்போதே புதியவரிடம் கையெழுத்து வாங்காமல் பத்திரம் முடிய விடாமல் இருக்கலாம். பங்கு தராதவருக்கு முறைத் தண்ணீர் கிடையாது என்று சொல்லலாம். அல்லது, யார் வாங்கினாலும் தொடரும்படி அந்த வயலின் மீதே ஒரு பாக்கியை ஏற்றிவைக்கலாம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயச் சட்டம் அப்படியே இந்த மூன்று வழிகளிலும்தான் நடக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. அதுதான் எல்லா மனக்கசப்புக்கும் வேர். ஊரில் எந்த மெக்கானிக்கை அழைப்பது, எவ்வளவு கொடுப்பது என்று நால்வரும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். இங்கிலாந்தின் புது எஸ்டேட்டில், வயல்களை விற்றவரே மெக்கானிக்கை நியமித்துவிட்டுப் போய்விடுகிறார். அவரை மாற்றும் உரிமை பல இடங்களில் வாங்கியவர்களுக்கு இல்லை.

தெரு ஏன் கவுன்சிலிடம் போகவில்லை?

ஒரு நிறுவனம் வீடுகளைக் கட்டும்போது தெருக்களையும் அதுவே போடுகிறது. முடிந்த பிறகு உள்ளூர் நெடுஞ்சாலை அதிகாரம் (பெரும்பாலும் கவுன்சிலே) அந்தத் தெருவை ஏற்றுக்கொண்டு, அன்றிலிருந்து பொதுப்பணத்தில் பராமரிப்பதற்குப் பெயர் "அடாப்ஷன்", அதாவது ஏற்பு. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 38ஆம் பிரிவின்படி கட்டுமான நிறுவனமும் அதிகாரமும் இதற்கு ஒப்பந்தம் போடுகின்றன. கழிவுநீர்க் குழாய்களைத் தண்ணீர் நிறுவனம் ஏற்பதற்கு 1991ஆம் ஆண்டின் நீர்த்தொழில் சட்டம் 104ஆம் பிரிவு. பூங்கா, பசுமைவெளி ஆகியவை 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் 106ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் வருகின்றன.

இவற்றில் ஏற்பு கட்டாயமில்லை. இதுதான் முடிச்சு. பூங்கா அமைத்தால்தான் கட்டட அனுமதி என்று கவுன்சில் சொல்லும். ஆனால் அந்தப் பூங்காவைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கடமை அதற்கு இல்லை. முன்பெல்லாம் நிறுவனம் பல ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு மொத்தத் தொகையைக் கவுன்சிலிடம் கொடுத்து, நிலத்தையும் ஒப்படைத்துவிடும். அந்தத் தொகையைக் கொடுக்காமல் இருப்பது நிறுவனத்துக்கு லாபம். நிதி நெருக்கடியில் இருக்கும் கவுன்சிலுக்கோ புல்வெட்டும் பொறுப்பு கூடாமல் இருப்பதே நிம்மதி. இருவருக்கும் வசதியான ஏற்பாட்டின் செலவு, அந்த மேசையில் இடம் இல்லாத மூன்றாமவர் தலையில் விழுகிறது. அந்த மூன்றாமவர் நீங்கள்.

மழைநீர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளத்தைத் தடுக்கப் புது எஸ்டேட்டுகளில் நீரைத் தேக்கி மெதுவாக வெளியேற்றும் குளங்களும் ஓடைகளும் அமைக்கப்படுகின்றன. அவற்றை உள்ளாட்சி ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு 2010ஆம் ஆண்டின் வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டத்திலேயே இருக்கிறது. வேல்ஸ் அதை 2019 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்து அந்தப் பகுதியை நீண்ட காலம் கிடப்பில் போட்டது. அதனால் இங்கிலாந்தின் பல எஸ்டேட்டுகளில் அழகுக்காக வைத்தது போலத் தெரியும் குளம் உண்மையில் வெள்ளத் தடுப்புக் கட்டமைப்பு. அதைத் தூர் வாருவது அங்கே வீடு வாங்கியவர்களின் செலவு.

சில சமயம் தெருவின் அமைப்பே ஏற்புக்குத் தடையாகிறது. நான்கைந்து வீடுகளுக்கு மட்டும் போகும் சிறு பாதைகளைப் பல அதிகாரங்கள் ஏற்பதில்லை. ஆக, எஸ்டேட்டின் பெரிய தெரு கவுன்சிலிடமும், அதிலிருந்து உங்கள் வாசலுக்குத் திரும்பும் பாதை உங்களிடமும் இருக்கலாம்.

கவுன்சில் வரியில் இதற்காக எந்தத் தள்ளுபடியும் இல்லை. அந்தப் பூங்காவை ஊரே பயன்படுத்தலாம். அனுமதியின் நிபந்தனையே பல இடங்களில் அதுதான். பொதுமக்கள் பூங்காவைச் சில நூறு குடும்பங்கள் மட்டும் தனியாகப் பணம் கட்டிப் பராமரிப்பது நியாயம் என்று எனக்குப் படவில்லை. போட்டி ஆணையமும் ஏற்பைக் கட்டாயமாக்கும்படியே பரிந்துரைத்தது.

இது புது வீடுகளோடு நின்றுவிடுவதும் இல்லை. தெற்கு லண்டனின் டல்விச்சிலும் வடக்கே ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்பிலும் ஃப்ரீஹோல்ட் வீட்டுக்காரர்கள் பல பத்தாண்டுகளாக மேலாண்மைத் திட்டக் கட்டணம் கட்டிவருகிறார்கள். அவை வேறு சட்டத்தின் கீழ் வருபவை. ஃப்ரீஹோல்டும் கட்டணமும் சேர்ந்து இருப்பது புதுமை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஃப்ரீஹோல்ட் உங்கள் வேலிக்கு உள்ளே. வெளியே இருப்பதைக் கவுன்சிலோ தண்ணீர் நிறுவனமோ ஏற்காவிட்டால் அது தனியார் சொத்தாகவே தொடரும். அதன் செலவுதான் எஸ்டேட் கட்டணம்.

வாக்குறுதி அடுத்தவரைக் கட்டுப்படுத்துமா?

வெளியூர்க்காரர் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். நிலத்தைப் பற்றி உரிமையாளர் கொடுக்கும் வாக்குறுதிக்குச் சட்டத்தில் "கவனன்ட்" என்று பெயர். "இங்கே கடை வைக்க மாட்டேன்" என்பது போன்ற, செய்யாமல் இருக்கும் வாக்குறுதி அடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தக்கூடும். "ஆண்டுதோறும் பணம் கட்டுவேன்" என்பது போன்ற, செய்வதாகச் சொல்லும் வாக்குறுதி ஃப்ரீஹோல்டில் அடுத்தவருக்குத் தானாகப் போகாது. 1885இல் ஓல்டம் மாநகராட்சி தொடர்பான வழக்கில் இது உறுதியானது.

1994இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதையே மீண்டும் சொன்னது. ஒரு பெரிய வீட்டின் கூரை பக்கத்துக் குடிலின் மேலும் நீண்டிருந்தது. ஒழுகாமல் பார்த்துக்கொள்வதாகப் பெரிய வீட்டுக்காரர் முன்பு வாக்களித்திருந்தார். வீடு கை மாறியது. கூரை ஒழுகியது. புதிய உரிமையாளரை அந்த வாக்குறுதி கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது.

இந்தத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு, "அப்படியானால் நான் எஸ்டேட் கட்டணம் கட்ட வேண்டியதில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அங்கேதான் தவறு. சட்டத்தின் இந்த ஓட்டையை வழக்கறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக அறிவார்கள். அதை அடைக்கும் வழிகளைத்தான் உங்கள் பத்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் வழி கையெழுத்து. வீட்டை விற்கும்போது, வாங்குபவரும் எஸ்டேட்டைப் பராமரிக்கும் நிர்வாக நிறுவனத்துடன் நேரடியாக ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று பத்திரம் சொல்லும். அவர் மறுத்தால்? அதற்காக நிலப் பதிவேட்டில் ஒரு தடைக்குறிப்பு ஏற்றியிருப்பார்கள்: நிர்வாக நிறுவனத்தின் சான்றிதழ் இல்லாமல் இந்தச் சொத்தின் கைமாற்றத்தைப் பதிவு செய்யக்கூடாது. நீங்கள் விற்கப் போகும் நாளில் இது நேரே உங்களைத் தாக்கும். பாக்கி இருந்தால் சான்றிதழ் வராது. பாக்கி இல்லாவிட்டாலும் சான்றிதழுக்கும் விவரத் தொகுப்புக்கும் தனித்தனியே கட்டணம் கேட்பார்கள், வாரக்கணக்கில் தாமதிக்கவும் கூடும். வாங்குபவரின் கடன் அனுமதி காலாவதியாகிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாமதம் சிறிய விஷயம் அல்ல.

இரண்டாவது, தண்ணீரை நிறுத்தும் வழி. ஒரு பாதையைப் பயன்படுத்தும் உரிமையை அனுபவிப்பவர் அதோடு இணைந்த செலவையும் ஏற்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று சொல்கிறது. தனியார் தெரு வழியாகத்தான் வீட்டுக்கே போக முடியும் என்றால் இது வலுவான வாதம். பூங்காவுக்கு அவ்வளவு பொருந்தாது.

மூன்றாவதுதான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது.

ரென்ட்சார்ஜ்: சிறு பாக்கியும் பெரிய ஆயுதமும்

ரென்ட்சார்ஜ் என்பது நிலத்தின் மீதே ஏற்றப்பட்ட ஆண்டுத் தொகை. ஆளைப் பின்தொடராமல் நிலத்தைப் பின்தொடரும். இது மிகப் பழைய ஏற்பாடு. நிலத்தை மலிவாக விற்றுவிட்டு, என்றென்றைக்கும் ஆண்டுக்குச் சில பவுண்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் மான்செஸ்டர், பிரிஸ்டல் பகுதிகளில் பரவலாக இருந்தது. 1977ஆம் ஆண்டின் ரென்ட்சார்ஜ் சட்டம் புதிதாக இப்படி ஏற்றுவதைத் தடுத்தது. பழையவற்றில் பெரும்பாலானவை 2037இல் ஒழிந்துவிடும் என்றும் சொன்னது. ஆனால் ஒரு விதிவிலக்கை விட்டுவைத்தது: பொதுச் சேவைகளின் செலவைப் பங்கிடுவதற்கான எஸ்டேட் ரென்ட்சார்ஜ். அந்த விதிவிலக்கின் வழியாகத்தான் இன்றைய பல எஸ்டேட்டுகளில் கட்டணம் வீட்டின் மீது ஏற்றப்படுகிறது.

விதிவிலக்கின் நோக்கம் நியாயமானது. கிணற்றுச் செலவை யாரும் ஏமாற்றாமல் இருக்க ஒரு வழி தேவைதான். கேட்கும் தொகை செய்யும் சேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சிக்கல், வசூலிக்கும் முறையில் இருக்கிறது. 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் 121ஆம் பிரிவு, ரென்ட்சார்ஜ் 40 நாள் கட்டப்படாமல் இருந்தால் அதற்கு உரியவர் வீட்டைத் தன் பிடியில் எடுத்து வருமானத்தைப் பெறலாம், அல்லது அந்த வீட்டின் மீது ஒரு குத்தகையையே உருவாக்கலாம் என்கிறது. முறைப்படி பணம் கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் இல்லை.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் பயமுறுத்தல் அல்ல. 2016இல் மேல் தீர்ப்பாயத்துக்கு வந்த ஒரு வழக்கில் பழைய வகை ரென்ட்சார்ஜ் பாக்கி வீட்டுக்கு 20 பவுண்டைக்கூடத் தொடவில்லை. அதற்காக அந்த வீடுகளின் மீது 99 ஆண்டுக் குத்தகைகள் உருவாக்கப்பட்டன. அவை செல்லும், பதிவு செய்யப்பட வேண்டியவை என்று தீர்ப்பாயம் சொன்னது. பாக்கியைக் கட்டிவிட்டாலும் அந்தக் குத்தகை தானாக மறைந்துவிடாது. 99 ஆண்டுக் குத்தகை மேலே இருக்கும் வீட்டை யார் வாங்குவார்கள்? அதை நீக்கக் கேட்கும் தொகையைக் கொடுத்துத்தான் தீர வேண்டும்.

2024ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் பழைய வகை ரென்ட்சார்ஜ் வைத்திருப்பவர்களின் கையிலிருந்து இந்த ஆயுதத்தைப் பிடுங்கியது. எஸ்டேட் ரென்ட்சார்ஜை அந்தப் பாதுகாப்புக்குள் அது சேர்க்கவில்லை. ஆகவே நூற்றாண்டுப் பழைய வீட்டுக்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு, புது வீடு வாங்கியவருக்கு அந்தச் சட்டத்தில் கிடைக்கவில்லை.

கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். 121ஆம் பிரிவைப் பயன்படுத்த மாட்டோம் என்றோ, வங்கிக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் நடவடிக்கை எடுப்போம் என்றோ பத்திரத்தில் வாசகம் இருக்கிறதா என்று பல வங்கிகள் கேட்கின்றன. இல்லாவிட்டால் திருத்தப் பத்திரம் அல்லது ஒரு காப்பீடு கேட்கும். வங்கி தன் பணத்துக்காகக் கேட்கும் கேள்வியை, வாழ்நாள் சேமிப்பைப் போடும் நீங்களும் கேட்பதுதான் முறை.

சுருக்கமாக: கட்டணம் இரண்டு விதமாக உங்களைப் பிடிக்கலாம். வெறும் ஒப்பந்தமும் தடைக்குறிப்பும் என்றால் கடன் வசூலைப் போல, விற்கும்போது உறுத்தும். ரென்ட்சார்ஜ் என்றால் வீட்டின் மீதே கை வைக்கும். தொகை ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் ஒன்றல்ல.

350 பவுண்டுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 120 வீடுகள் உள்ள எஸ்டேட். புல் வெட்ட, மரம் பார்க்க 14,400 பவுண்டு. விளையாட்டுத் திடலின் பரிசோதனைக்கும் காப்பீட்டுக்கும் 3,600. மழைநீர்க் குளத்துக்கு 6,000. எதிர்காலப் பழுதுக்கான சேமநிதி 6,000. கணக்காளருக்கு 2,400. நிர்வாகிக்கு 9,600. மொத்தம் 42,000, வீட்டுக்கு 350. இதில் 100 பவுண்டு தரையில் இறங்கி வேலை செய்பவருக்குப் போகாமல், கணக்கு எழுதவும் நிர்வகிக்கவும் போகிறது. நல்ல நிர்வாகத்துக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எஸ்டேட் சிறியதாகச் சிறியதாக இந்தப் பங்கு வீங்கும்; ஏனெனில் கணக்காளர் 12 வீட்டுக்கும் ஒரு கணக்குத்தான் எழுத வேண்டும்.

கவனிக்க வேண்டியது சேமநிதி. விற்பனை அலுவலகத்தில் காட்டும் முதலாண்டு மதிப்பீட்டில் அது மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தால் கட்டணம் அழகாகத் தெரியும். புதுத் திடலில் ஊஞ்சல் உடைவதில்லை; புதுத் தெருவில் குழி விழுவதில்லை. பத்தாம் ஆண்டில் தளம் பெயரும்போது சேமநிதியில் ஒன்றும் இருக்காது. அப்போதுதான் ஒரே தவணையில் பெரிய தொகை கேட்டுக் கடிதம் வரும். ஆகவே மிகக் குறைந்த கட்டணத்தைப் பார்த்து நிம்மதி அடைவதைவிட, அது எதனால் குறைவாக இருக்கிறது என்று கேட்பது நல்லது.

ஆண்டு முடிவில் செலவு மதிப்பீட்டைத் தாண்டினால் மிச்சத்தைத் தனியாகக் கேட்பார்கள். பெரும்பாலான பத்திரங்களில் உச்சவரம்பு எதுவும் இருக்காது.

நிர்வாக நிறுவனம் யாருடையது என்பதும் முக்கியம். சில எஸ்டேட்டுகளில் வீட்டுக்காரர்களே அந்த நிறுவனத்தின் உறுப்பினர்கள். கடைசி வீடு விற்றதும் நிர்வாகம் அவர்கள் கைக்கு வரும், பிடிக்காத முகவரை மாற்றலாம். இது பங்குக் கிணறுக்கு நெருக்கமான ஏற்பாடு. வேறு சிலவற்றில் ஒரு வெளி நிறுவனத்தின் பெயர் பத்திரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதை அகற்ற உங்களுக்கு வாக்கும் இல்லை, வழியும் இல்லை. இரண்டு வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், 50 பவுண்டு கூடுதலாக இருந்தாலும் முதல் வகையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பிளாட்டுக்காரருக்கு உள்ள உரிமை வீட்டுக்காரருக்கு இல்லையா?

நம்புவது கடினம், ஆனால் நீண்ட காலம் அதுதான் நிலைமை. லீஸ்ஹோல்ட் பிளாட்டில் இருப்பவர் பராமரிப்புக் கட்டணம் நியாயமற்றது என்று நினைத்தால், 1985ஆம் ஆண்டின் சட்டப்படி தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கணக்கைக் கேட்கலாம், பெரிய வேலைக்கு முன் கலந்தாலோசனை கோரலாம். ஃப்ரீஹோல்ட் வீட்டுக்காரருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஃப்ரீஹோல்ட்காரருக்குக் கட்டணமே இருக்காது என்று சட்டத்தை எழுதியவர்கள் நினைத்த காலம் அது.

2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்ற சீர்திருத்தச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்ப எழுதப்பட்டது. எஸ்டேட் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட படிவத்தில் கேட்க வேண்டும், ஆண்டறிக்கை தர வேண்டும், பெரிய செலவுக்கு முன் கலந்தாலோசிக்க வேண்டும், தகராறைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம், மிக மோசமாக நடந்தால் மாற்று நிர்வாகியை நியமிக்கக் கோரலாம் என்றெல்லாம் அது சொல்கிறது. ஆனால் இங்கே சட்டம் நிறைவேறுவதும் நடைமுறைக்கு வருவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி விதிமுறைகள் வேண்டும். "புதுச் சட்டம் வந்துவிட்டது, கவலை வேண்டாம்" என்று விற்பனையாளர் சொன்னால், எந்தப் பிரிவு இன்று நடைமுறையில் இருக்கிறது என்று உங்கள் சொலிசிட்டரிடம், அதாவது வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரிடம், கேளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

இங்கிலாந்தில் இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை நீங்கள் விலகலாம். அதுவரை எழும் ஒவ்வொரு கேள்வியும் மலிவு. அதற்குப் பிறகு எழுவது எல்லாமே விலை உயர்ந்தவை.

புது வீடு என்றால் முன்பதிவு செய்யும்போதே தொடங்குங்கள். புது வீட்டுத் தரக் கோவையில் சேர்ந்த நிறுவனம் என்றால், முன்பதிவு ஒப்பந்தத்துக்குப் பிறகு 14 நாள் மனம் மாறும் காலம் உண்டு. வரவிருக்கும் பத்தாண்டு நிர்வாகச் செலவு பற்றித் தனக்குத் தெரிந்த வரையில் அது விவரம் தர வேண்டும். அந்த அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் இங்கே செல்லாது.

அடுத்து, விற்பனைப் பத்திரம். எஸ்டேட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றிக் கொடுப்பதால் டி.பி.1 என்ற படிவத்தில் அது இருக்கும். பக்கம் நிறைய, ஆனாலும் படியுங்கள். உங்கள் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது? ரென்ட்சார்ஜ் என்ற சொல் எங்காவது வருகிறதா? வந்தால் 121ஆம் பிரிவு விலக்கப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விகளைச் சொலிசிட்டருக்கு மின்னஞ்சலில் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கட்டுமான நிறுவனம் பரிந்துரைக்கும் சொலிசிட்டரைவிட நீங்களாகத் தேர்ந்தெடுத்தவரிடம் கேட்பது நல்லது.

பிறகு வரைபடம். எந்தத் தெருக்கள் ஏற்புக்குப் போகின்றன, எவை போகவில்லை என்று நிறம் தீட்டிக் காட்டும் வரைபடம் இருக்கும். 38ஆம் பிரிவு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, அல்லது "செய்யப்போகிறோம்" என்ற நிலையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தம் இருந்தும் ஏற்பு பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போவதுண்டு.

மறுவிற்பனைக்கு வந்த வீடு என்றால், ஃப்ரீஹோல்ட் நிர்வாக விவரங்களுக்கான எஃப்.எம்.இ.1 படிவத்தை விற்பவர் வழியாகக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுக் கணக்குகளையும் சேர்த்துக் கேளுங்கள். சில பவுண்டு செலவில் நிலப் பதிவேட்டின் நகலை நீங்களே அரசின் இணையதளத்தில் எடுத்து, தடைக்குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "போன ஆண்டு எவ்வளவு கட்டினீர்கள், புல் எத்தனை முறை வெட்டினார்கள்?" என்று கேட்டால் எந்தப் படிவத்திலும் இல்லாத பதில் கிடைக்கும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள்

குடியேறிய பிறகுதான் கடிதம் வந்தது என்றால், முதலில் கோபத்தை அடக்கிக்கொண்டு டி.பி.1 பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கேட்கும் ஒவ்வொரு செலவும் அங்கே அனுமதிக்கப்பட்ட சேவைகளில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வராததை ஏற்க வேண்டியதில்லை. கணக்கு, ரசீது, ஒப்பந்தக்காரரின் பெயர் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிடத் தெருவே சேர்ந்து கேட்பது பலன் தரும். 40 வீடுகள் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் அதைக் கோப்பில் போட்டு மூடுவது எளிதல்ல. பத்திரத்தில் கட்டணம் இருந்தும் உங்கள் சொலிசிட்டர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்றால், முதலில் அவர் அலுவலகத்திலும், அங்கே தீராவிட்டால் சட்டச் சேவைக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

எதிர்ப்பைக் காட்டுவதற்காகப் பணத்தை நிறுத்திவைக்க நினைத்தால், அதற்கு முன் உங்கள் பத்திரத்தில் ரென்ட்சார்ஜ் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால் 40 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில், "இந்தத் தொகையை ஏற்கவில்லை, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் எதிர்ப்புடன் கட்டுகிறேன்" என்று எழுத்தில் பதிவு செய்து, பணத்தைக் கட்டிவிட்டுச் சண்டையைத் தொடருங்கள்.